ஜன்னலோரத்து மேடு

“அப்பா, உங்க டேப்பைக் கொஞ்சம் குடுங்களேன்” என்று பாப்பா கேட்டபோது நான் வேலை முடிந்து வந்து குழாயடியில் உட்கார்ந்து, நகக்கண்ணில் ஒட்டியிருந்த சிமெண்டைச் சுரண்டிக்கொண்டிருந்தேன். என் டேப்பை நான் யாருக்கும் தருவதில்லை. கொடுத்தால் முனையில் இருக்கும் கொக்கி வளைந்து திரும்பி வரும். கொக்கி வளைந்தால் அளவில் ஒரு மில்லிமீட்டர் போச்சு. ஆனால் கேட்டது பாப்பா. பதினேழு வயதாகிறது, எங்களுக்கு இன்னும் பாப்பாதான். இடுப்பிலிருந்து எடுத்துக் கொடுத்துவிட்டு, துண்டில் கையைத் துடைத்தபடி வாசலில் நின்று வேடிக்கை பார்த்தேன். தரையில் சாக்பீஸால் ஒரு கட்டம் போட்டாள். நீளம் பார்த்தாள், அகலம் பார்த்தாள், கையிலிருந்த தாளோடு சரிபார்த்துக்கொண்டாள். புது வீட்டில் அவளுடைய அறைக்கு மேசை போட அளவெடுக்கிறாள் என்று நினைத்தேன். இத்தனை வருஷம் ஆன பிறகும் பிள்ளை அந்த அறையை மறக்கவில்லையே என்று எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

“ஜன்னலுக்குக் கீழ போடப் போறியா? நாலடி தாராளமா போடலாம்” என்றேன்.

பாப்பா நிமிர்ந்து பார்க்கவில்லை. “இல்லப்பா. ஹாஸ்டல்ல ஆளுக்கு ஒரு அலமாரிதானாம். அளவு போட்டு அனுப்பியிருக்காங்க. இந்தப் பெட்டி உள்ள போகுமான்னு பார்க்கிறேன்.”

“போகுமா?”

“அரை இன்ச் இடிக்கும். பரவால்ல, சாய்ச்சு வச்சுக்கலாம்.”

டேப்பைச் சுருட்டி என் கையில் கொடுத்தாள். கொக்கி வளையவில்லை. கல்லூரி திறக்க இன்னும் இருபத்திரண்டு நாள்தான் இருக்கிறது என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. கல்லூரி இருப்பது ஒரு ராத்திரி ரயிலில் போகவேண்டிய ஊரில். போனால் லீவுக்குத்தான் வருவாள். அப்புறம் வேலை என்பாள், கல்யாணம் என்போம். என் மகள் எங்களோடு ஒரே வீட்டில் இருக்கப்போவது இனி இருபத்திரண்டு நாள். அந்த வீடும் நான் அவளுக்குக் கட்டித்தருவதாகச் சொன்ன வீடு இல்லை.

நான் தரைக்கு டைல்ஸ் ஒட்டுகிறவன். இருபத்தாறு வருஷமாக இதே வேலை. கூட வேலை செய்கிறவர்கள் யாருக்கும் என் பெயர் தெரியுமா என்பதே சந்தேகம். எல்லோருக்கும் நான் ‘ரசமட்டம்’. தரை சமமாக இருக்கிறதா என்று பார்க்க ஒரு கட்டை வைத்திருப்போமே, நடுவில் சின்னக் கண்ணாடிக் குழாய், அதற்குள் ஒரு குமிழி, குமிழி இரண்டு கோடுகளுக்கு நடுவில் வந்து நின்றால் மட்டம் சரி, அதுதான் ரசமட்டம். பெயர் வைத்தவர் ஒரு தச்சர், என் பழைய கூட்டாளி. டீக்கடையில் பெஞ்சு ஆடினால், அட்டையை மடித்துக் காலுக்கு அடியில் வைத்த பிறகுதான் நான் டம்ளரைக் கையில் வாங்குவேன். “யோவ் ரசமட்டம், டீ ஆறிப்போச்சு, உன் பெஞ்சு சரியாச்சா?” என்பார். எனக்கு அதில் கோபம் வந்ததில்லை. உள்ளுக்குள் பெருமைதான். நான் போட்ட தரையில் கண்ணை மூடிக்கொண்டு விரலை இழுத்துப் பாருங்கள், எங்கேயாவது நகம் தட்டினால் என் வேலையை விட்டுவிடுகிறேன் என்று பந்தயம் கட்டியிருக்கிறேன். யாரும் ஜெயித்ததில்லை.

எங்கள் சொந்த வீட்டை பாப்பா ஐந்தாம் வகுப்பு படிக்கும்போது ஆரம்பித்தேன். சுவரும் கூரையும் முதல் வருஷத்திலேயே எழும்பிவிட்டன. பூச்சு, தரை, கதவு மட்டும்தான் பாக்கி, மூன்று மாத வேலை என்று சொன்னேன். ஊரார் வீட்டுக்கு மூன்று மாதத்தில் மூன்று மாடி முடித்துக் கொடுத்திருக்கிறேன். அங்கே மேஸ்திரி தலைமேல் நிற்பார். என் வீட்டில் என்னை அவசரப்படுத்த ஆள் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை தோறும் போவேன். போன வாரம் செய்ததைப் பார்ப்பேன், பிடிக்காது, உடைப்பேன். சமையலறைச் சுவரை இரண்டு தடவை பூசிச் சுரண்டினேன். சொந்தக்காரர்கள் “வீடு முடிஞ்சுதா?” என்று கேட்கும்போதெல்லாம் “இன்னும் கொஞ்சம்” என்பேன். கேட்டுக் கேட்டு என் மனைவி அந்த வீட்டுக்கு அதையே பெயராக வைத்துவிட்டாள். ஞாயிறு காலையில் பையை எடுத்தால், “என்ன, இன்னும் கொஞ்சத்துக்குக் கிளம்பியாச்சா?” என்பாள். அந்தக் கேலிக்குள் கோபம் இருந்ததெல்லாம் முதல் மூன்று நான்கு வருஷம்தான். பிறகு அதுவும் போய்விட்டது. கோபம் போனதைத்தான் நான் கவனித்திருக்க வேண்டும்.

வாடகை வீட்டில் எங்களுக்கு ஒன்றரை அறை. பாப்பா படித்ததெல்லாம் துணி தேய்க்கும் மேசையில். தேய்க்கிற நாளில் புத்தகத்தை மடியில் வைத்துக்கொள்வாள். அவளுக்குப் பத்து வயதில், “உனக்கு ஜன்னல் வச்ச தனி ரூம், தரைக்கு டைல்ஸ் நீயே பாரு” என்று கடைக்குக் கூட்டிப்போனேன். அத்தனை பளபளப்புக்கும் நடுவில் மங்கலான ஒரு வெள்ளை நீலத்தை அவள் எடுத்தாள். மேகக் கலர் என்று பெயரும் வைத்தாள். அறுபது வாங்கி ஒட்டினேன். எழுந்து நின்று பார்த்தால் சுவரோரக் கோடு ஒரு தீக்குச்சி கனம் சாய்ந்திருந்தது. வேறு யார் கண்ணுக்கும் அது தெரியாது. பெயர்த்தேன். பெயர்க்கும்போது மூன்று உடைந்தது. மறுபடி ஒட்டினேன், மறுபடி மனசு ஒப்பவில்லை, இன்னும் மூன்று உடைந்தது. கடைக்குப் போனால் அதே டிசைன் இருக்கிறது, பேட்ச் வேறு. ஒவ்வொரு தடவை சூளையில் வேகும்போதும் நிறம் ஒரு பொட்டு மாறும், அட்டைப்பெட்டியில் பேட்ச் நம்பர் போட்டிருப்பார்கள். நான் தேடியது பழைய நம்பர். அதே நம்பரில் ஆறு டைல்ஸ் எங்காவது ஒரு கடையின் மூலையில் கிடக்கும் என்று நாலு வருஷமாகத் தேடினேன். உடைந்த துண்டு ஒன்றைத் துணியில் சுற்றிப் பையில் வைத்துக்கொண்டு, வேலைக்குப் போகிற ஊரிலெல்லாம் கடை கடையாக ஏறினேன். கடைக்காரர்கள் என்னைப் பார்த்ததும் சிரிக்க ஆரம்பித்தார்கள். ஜன்னலுக்குக் கீழே அந்த ஆறு டைல்ஸ் அளவுக்குத் தரை வெறும் சிமெண்டாக, பல்லு போன வாய் மாதிரி கிடந்தது.

மனைவி வேலை முடிந்து வந்தாள். ரத்தப் பரிசோதனை செய்கிற இடத்தில் ஊசி போட்டு ரத்தம் எடுப்பது அவள் வேலை. தரையில் இருந்த சாக்பீஸ் கட்டத்தைத் தாண்டி நடந்து பையை மாட்டினாள். பாப்பா கடைக்குப் போயிருந்தாள். நான் விஷயத்தைச் சொன்னேன்.

“அவ போறதுக்குள்ள முடிச்சிடுவேன். லீவு போட்டுட்டு உட்கார்ந்தா பத்து நாள் வேலைதான்” என்றேன்.

அவள் கையைக் கழுவிக்கொண்டே இருந்தாள். “என்கிட்ட தினமும் நாப்பது பேர் வர்றாங்க. பாதிப் பேருக்கு நரம்பே தெரியாது. நல்லா தெரியுற அன்னைக்கு வாங்கன்னு அனுப்பினா என்னை வேலையில வச்சுக்குவாங்களா? தடவிப் பார்த்து, குத்த வேண்டியதுதான். சில சமயம் ரெண்டாவது தடவை குத்தணும். மன்னிச்சுக்கோங்கன்னு சொல்லிட்டுக் குத்துவேன்.”

“தரையும் நரம்பும் ஒண்ணா?”

“நான் எதையும் ஒண்ணுன்னு சொல்லல. நீங்க போங்க, உட்காருங்க” என்றாள். குரலில் சண்டையே இல்லை. சண்டை போட்டிருந்தால் நானும் பதில் சொல்லியிருக்கலாம்.

மறுநாள் காலை புது வீட்டுக்குப் போனேன். கதவுக்கு வண்ணம் அடிக்க வேண்டும், குளியலறைக்குக் கதவு மாட்ட வேண்டும், சுவிட்ச் எல்லாம் வாய் பிளந்து தொங்கிக்கொண்டிருந்தன. இதில் எதையாவது தொட்டிருந்தால் பிழைத்திருப்பேன். நான் என்ன செய்தேன் தெரியுமா? பாப்பா அறையில் மண்டியிட்டு உட்கார்ந்து, ஒரு காசை எடுத்து ஒவ்வொரு டைலாகத் தட்டிப் பார்த்தேன். அடியில் கலவை நிறைந்திருந்தால் கெட்டிச் சத்தம் வரும், இடைவெளி இருந்தால் டொக்கென்று வெற்றுச் சத்தம் வரும். ஜன்னல் பக்கம் ஒன்று டொக்கென்றது. நாலு வருஷமாக அப்படியே கிடந்தது, இன்னும் நாற்பது வருஷம் கிடந்திருக்கும். கை சும்மா இருக்குமா? உளியை வைத்தேன். அது கழன்று வரும்போது பக்கத்து டைலின் மூலை தெறித்தது. அதை எடுக்கப்போய் மூன்றாவது நீளவாக்கில் பிளந்தது. மதியத்துக்குள், ஆறாக இருந்த குறை ஒன்பதாகிவிட்டது. உளியைக் கீழே வைத்துவிட்டு என் கையைப் பார்த்தேன். எனக்கே என்மேல் பயம் வந்தது.

அப்போதாவது புத்தி வந்திருக்கலாம். வரவில்லை. ஒன்பது டைல்ஸ் தேடி ஆறு நாள் அலைந்தேன். பஸ்ஸில் மூன்று மணி நேரம் தள்ளி ஒரு கிடங்கு, அங்கே இல்லை, இன்னொன்று. ஒரு கடைக்காரர் துண்டைக் கையில் வாங்கி வெளிச்சத்தில் பிடித்து, “இந்தக் கம்பெனியையே மூடிட்டாங்களேங்க” என்றார். என் வீட்டில் துக்கம் விழுந்த மாதிரி அவர் அதை மெதுவாகச் சொன்னார்.

ஏழாம் நாள் அந்த அறையில் சும்மா உட்கார்ந்திருந்தேன். பகல் பன்னிரண்டு மணி இருக்கும். பாப்பா சைக்கிளில் சாப்பாடு கொண்டு வந்தாள். அவள் அந்த வீட்டுக்கு வந்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. வாசற்படியில் நின்று பள்ளத்தைப் பார்த்தாள், உடைந்த மூன்றையும் பார்த்தாள். ஏதாவது கேட்பாள் என்று காத்திருந்தேன். செருப்பைக் கழற்றிவிட்டு, பாவாடையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்து, பள்ளத்துக்குள் இறங்கி ஜன்னல் கம்பியைப் பிடித்து நின்றாள். வெளியே ஒரு காலி மனையும் அதற்கப்பால் ஒரு தண்ணீர்த் தொட்டியும் இருந்தன.

“அப்பா, காலைல இங்க வெயில் வருமா?”

அந்த அறையில் எந்தக் கோடு எங்கே ஆரம்பித்து எங்கே முடிகிறது என்று கேட்டால் தூக்கத்தில் சொல்வேன். காலையில் வெயில் வருமா என்று எனக்குத் தெரியவில்லை. ஏழு வருஷத்தில் ஒரு நாள்கூட நான் அங்கே பொழுது விடிந்து பார்த்ததில்லை. எப்போதும் பத்து மணிக்கு வந்து, குனிந்த தலை நிமிராமல் வேலை பார்த்துவிட்டுப் போகிறவன்.

“தெரியலையேம்மா” என்றேன்.

“சரிப்பா” என்றாள். “சாப்பாடு ஆறிடும், சாப்பிடுங்க.” சைக்கிள் போகிற சத்தம் கேட்டது.

எனக்கு அழுகை வந்தது. வந்ததைச் சொல்வதில் என்ன வெட்கம்? அழுதுவிட்டு, சாப்பிட்டுவிட்டு, பின்பக்கம் போனேன். அங்கே தார்ப்பாய்க்கு அடியில் நான் வேலை பார்த்த வீடுகளில் மிஞ்சிய டைல்ஸ் அடுக்கிக் கிடந்தன. எதற்காகவாவது ஆகும் என்று கொண்டுவந்து போட்டவை, எதற்கும் ஆகாமல் கிடந்தவை. ஒரு டாக்டர் வீட்டுக் குளியலறைப் பச்சை, யாரோ ஒருவர் சமையலறைக்கு ஆசைப்பட்டு வாங்கிய மஞ்சள் பூ, ஒரு வங்கியின் சாம்பல், ஒரு பள்ளிக்கூட வராந்தாவின் செங்கல் நிறம். துடைத்துத் துடைத்து ஒன்பது எடுத்தேன். ஒவ்வொன்றும் ஒவ்வொரு கனம். எட்டை அடிக்கலவையைக் கூட்டிக் குறைத்து எப்படியோ ஒரு மட்டத்துக்குக் கொண்டுவந்துவிட்டேன். ஒன்பதாவது, பள்ளிக்கூடத்துச் செங்கல் நிறம், அடங்க மாட்டேன் என்றது. தடிமன் அதிகம், அது போகிற இடத்துக்கு அடியில் ஒயர் குழாய் ஓடுகிறது. எவ்வளவு தட்டியும் இரண்டு காசு கனத்துக்கு மேலே நின்றது. ரசமட்டத்தை வைத்தேன். குமிழி ஓடிப்போய் ஓரத்தில் முட்டிக்கொண்டது. ஒயர் குழாயை எடுத்து வேறு பக்கமாகப் போட்டால் சரியாகிவிடும், ஒரு வார வேலை. கை அரித்தது. சட்டை இல்லாமல் தெருவில் நிற்பது போல் கூசியது. நாளைக்கு நாலு பேர் பார்த்தால் என்ன சொல்வார்கள் என்று காது சூடாகிவிட்டது. அப்படியே ஜாயிண்ட்டில் வெள்ளை சிமெண்டை அடைத்து, துணியால் துடைத்து, எழுந்து வெளியே வந்து மனைவிக்கு போன் போட்டேன்.

“நாளைக்கு வீடு மாறிடலாமா?”

அந்தப் பக்கம் ஊசிப் பெட்டி மூடுகிற சத்தம் கேட்டது. “எந்த வருஷத்து நாளைக்கு?” என்றாள்.

மறுநாளே மாறினோம். சாமான் ஒன்றும் பிரமாதமில்லை, ஒரு குட்டி வண்டியில் இரண்டு நடை. தச்சர் கட்டிலைப் பூட்டிக் கொடுக்க வந்தார். பாப்பா அறைக்குள் நுழைந்தவர் ஜன்னலோரத்தைப் பார்த்து அப்படியே நின்றார்.

“யோவ், இது யார் வேலை?”

“என் வேலைதான்.”

அவர் வாயில் ஒரு கேலி வந்து நின்றதைப் பார்த்தேன். என் முகத்தைப் பார்த்துவிட்டு அதை முழுங்கிக்கொண்டார். “கட்டிலை எந்தப் பக்கம் போடணும்?” என்று மட்டும் கேட்டார். குளியலறைக்குக் கதவு இன்னும் வரவில்லை. மனைவி ஒரு பழைய போர்வையைத் தொங்கவிட்டு, உள்ளே போகிறவர் பாடிக்கொண்டே இருக்க வேண்டும் என்று சட்டம் போட்டாள். எனக்குப் பாட்டு வராது, அதனால் எண்ணிக்கொண்டிருப்பேன். ஒரு நாள் நானூறுவரை போனேன், இரண்டு பேரும் வெளியே விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

வெயில் வந்தது. ஆறரை மணிக்குத் தண்ணீர்த் தொட்டியின் பக்கவாட்டிலிருந்து உள்ளே நுழைந்து, முதலில் மஞ்சள் பூவில் விழுந்து, பிறகு கட்டில் கால்வரை நகர்ந்தது. முதல் நாள் காலை மூன்று பேரும் டீயை வைத்துக்கொண்டு கட்டிலில் வரிசையாக உட்கார்ந்து அதைத்தான் பார்த்தோம். அது எந்த வீட்டுப் பச்சை, எந்த வீட்டுச் சாம்பல் என்று பாப்பா ஒவ்வொன்றாகக் கேட்டாள், நான் ஒவ்வொன்றாகச் சொன்னேன். மனைவி டீ ஆறும்வரை டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள்.

அன்று ஜன்னலைச் சாத்தப் போன பாப்பா செங்கல் நிறத்து டைலில் கட்டைவிரலை இடித்துக்கொண்டு “அம்மா!” என்று கத்தினாள். எனக்கு உயிர் போயிற்று. அன்று சாயந்திரமும் இடித்துக்கொண்டாள். நொண்டியபடியே, “அப்பா, உங்க பந்தயத்துல நான் ஜெயிச்சுட்டேன்” என்றாள். “நீ ஊருக்குப் போனதும் முதல் வேலையா அதைச் சரி பண்ணிடுறேன்” என்றேன். மூன்றாம் நாள் மனைவி இடித்துக்கொண்டாள். அதற்குப் பிறகு யாரும் இடித்துக்கொண்டதாக எனக்கு நினைவில்லை. மொத்தம் பன்னிரண்டு காலைகள். பன்னிரண்டாம் நாள் ராத்திரி ரயிலில் ஏற்றிவிட்டு வந்தோம். பெட்டியைச் சாய்த்து வைத்துக்கொள்வதாக அவள் மறுபடியும் சொன்னாள்.

ஒரு வாரம் அந்த அறைக்குள் நான் போகவில்லை. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில், சொன்ன சொல்லாயிற்றே என்று உளியையும் சுத்தியலையும் ரசமட்டத்தையும் எடுத்துக்கொண்டு போய் ஜன்னலோரம் மண்டியிட்டேன். குமிழி முன்போலவே ஓரத்தில் முட்டிக்கொண்டு நின்றது. உளியை ஜாயிண்ட்டில் வைத்தபோது சட்டைப் பையில் போன் அடித்தது. பாப்பாதான். சாப்பாடு பரவாயில்லையாம், கூட இருக்கிற பெண் குறட்டை விடுகிறாளாம், பெட்டி அலமாரியில் சாய்வாக உள்ளே போய்விட்டதாம்.

“ரூம் எப்படிம்மா இருக்கு?”

“நல்லா இருக்குப்பா. எனக்கும் ஜன்னல் பக்கம்தான்.” குரலைத் தாழ்த்தினாள். “ஒண்ணு சொன்னா சிரிக்கக் கூடாது.”

“சொல்லு.”

“இங்க தரை சமமாத்தான் இருக்கு. ஆனா ஜன்னலைச் சாத்தப் போறப்பல்லாம் என் கால் தானா கொஞ்சம் தூக்கிக்குது. கூட இருக்கிறவ, என்னத்தடி தாண்டுறேன்னு கேட்கிறா.”

நான் சிரிக்கவில்லை. அவள் யாரோ கூப்பிடுகிறார்கள் என்று போனை வைத்துவிட்டாள். உள்ளே மனைவி எதையோ கழுவிக்கொண்டிருந்தாள். ஆறரை மணி வெயில் தொட்டியைத் தாண்டி வந்து மஞ்சள் பூவில் விழுந்து, செங்கல் நிறத்தின்மேல் ஏறியது. மேடாக நின்ற அதன் விளிம்புக்குப் பக்கத்தில் இரண்டு காசு கனத்தில் ஒரு நிழல் கிடந்தது. உளி என் கையில் இருந்தது. வெயில் நகர நகர அந்த நிழல் மெலிந்துகொண்டே வருவதைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன்.